தாஷியின் தடத்தில் ஜப்பானியச் சந்தைகள்

ஜப்பானுக்குச் சுற்றுலா போகும் நண்பர்கள் அங்கே எந்தச் சந்தையில் என்ன சாப்பிடலாம் என்று கேட்டால், முதலில் ஒரு கருவாட்டுக் கடையைத் தேடிப் போங்கள் என்றே சொல்வேன். சூஷிக் கடை ஒன்றின் பெயரை எதிர்பார்த்துக் கேட்டவர்களுக்கு இந்தப் பதில் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அந்நாட்டுத் தெருவோர உணவில் பெரும்பகுதி, அது மாவானாலும் முட்டையானாலும் முள்ளங்கியானாலும், தாஷி என்ற ஒரே சாற்றில் கரைந்தோ வெந்தோதான் நம் கைக்கு வருகிறது. அந்தச் சாறு பிறப்பதோ உலர்ந்த மீனிலும் உலர்ந்த கடற்பாசியிலும். நான் மீன் உண்பவன். என் மனைவி முட்டைகூடத் தொடாத சைவம். ஆகையால் ஒவ்வொரு கடை முன்னும் 'இதில் தாஷி உண்டா, எந்தத் தாஷி' என்று கேட்டுக்கொண்டேதான் நாங்கள் நகர்ந்தோம். அப்படிக் கேட்டுப் பழகிய பிறகு, சுற்றுலாக் கையேடுகள் வரிசைப்படுத்தும் முறையில் எந்தச் சந்தையையும் பார்க்க முடியவில்லை.

டோக்கியோவின் மீன் சந்தை ஒருகாலத்தில் நிஹோன்பாஷி பாலத்தருகே இருந்தது. 1923-இன் கான்டோ பெருநிலநடுக்கம் அதை அழித்துவிடவே, புதிய மொத்த விற்பனைச் சந்தை 1935-இல் சுகிஜியில் திறக்கப்பட்டது. 2018 அக்டோபரில் அந்த மொத்த விற்பனையும் சூரை மீன் ஏலமும் டோயோசுவுக்கு இடம்பெயர்ந்தன; ஆனால் சுகிஜியின் மதிலுக்கு வெளியே சந்துகளில் பிழைத்துவந்த சில்லறைக் கடைகள் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டன. டோயோசுவில் 2019-ஆம் ஆண்டின் முதல் ஏலத்தில் 278 கிலோ எடையுள்ள ஒரே ஒரு நீலத்துடுப்புச் சூரை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு விலைபோனது உலகச் செய்தியாயிற்று. அந்த ஏலத்தை இன்று பெரும்பாலான பயணிகள் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுதான் பார்க்க வேண்டும். சற்று அருகிலுள்ள பார்வைமேடைக்குக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். தூய்மைக்கும் குளிர்பதனத்துக்கும் டோயோசு தேவையான மாற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் மணமே எட்டாத சந்தையில் நெடுநேரம் நிற்க எனக்குப் பொறுமை இல்லை.

சுகிஜி வெளிச்சந்தையின் ஓரத்தில் நமியோகே இனாரி என்ற சிறிய கோயில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் கடலைத் தூர்த்து இந்த நிலத்தை உருவாக்கியபோது, அலைகள் கரையை அரித்துக்கொண்டே இருந்ததால் எழுந்த கோயில் அது. அதன் முற்றத்தில் சூஷிக்கும் இறாலுக்கும் முட்டைக்கும் தனித்தனி நினைவுக்கற்கள் நாட்டியிருக்கிறார்கள். தங்கள் பிழைப்புக்காக உயிர்விட்டவற்றுக்கு வணிகர்கள் செலுத்தும் நன்றி அது. முட்டைக் கல்லிலிருந்து சில எட்டு நடந்தால், செவ்வகச் செப்புச் சட்டிகளில் முட்டையைச் சுருட்டிச் சுருட்டிச் சுடும் தமாகோயாக்கிக் கடைகள் வந்துவிடும். குச்சியில் செருகிக் கொடுக்கும் அந்த முட்டைச் சுருள் டோக்கியோ வழக்கப்படி தித்திக்கும். சர்க்கரைக்கு அடியில் இன்னொரு சுவை நாவில் தங்கும். அதுதான் தாஷி.

அந்தச் சுவையின் ஊற்றைத் தேடித்தான் பக்கத்துச் சந்திலிருந்த, கட்சுவோபுஷி என்னும் உலர்மீன் விற்கும் கடைக்குள் நுழைந்தோம். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில், தட்டினால் மரச்சில்லுபோல் ஒலிக்கும் துண்டுகள் கூடைகளில் குவிந்திருந்தன. "இது என்னங்க, விறகுக் கடையா?" என்று என் மனைவி கேட்டதில் வியப்பில்லை. வரிச்சூரை மீனைக் கூறுபோட்டு, கொதிக்காத வெந்நீரில் வேகவைத்து, முள்ளெடுத்து, கருவாலி போன்ற கடின மரங்களின் புகையில் பலமுறை காட்டி உலர்த்துகிறார்கள். இந்த நிலையிலேயே விற்பனைக்கு வருவது ஒரு வகை. உயர்ந்த வகைக்கு அதன் மேல் பூசணத்தை வேண்டுமென்றே படியவிட்டு, வெயிலில் காயவைத்து, மீண்டும் பூசணம் ஏற்றி மாதக்கணக்கில் முதிரவிடுவார்கள். பூசணம் எஞ்சிய ஈரத்தை உறிஞ்சுவதோடு கொழுப்பையும் சிதைப்பதால், அதில் வடிக்கும் சாறு கலங்காமல் தெளிவாக இருக்கும். இழைப்புளியைத் தலைகீழாகப் பொருத்திய மரப்பெட்டியில் கடைக்காரர் ஒரு துண்டைச் சீவிக் காட்டினார்; ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய இழைகள் பெட்டிக்குள் உதிர்ந்தன.

தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்த எனக்கு அந்த மணம் புதிதன்று. மாலத்தீவிலும் மினிக்காய்த் தீவிலும் இதே வரிச்சூரையை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்துச் செய்வதுதான் மாசிக் கருவாடு. காயல்பட்டினத்து வீடுகளிலும் ஈழத்துச் சமையலறைகளிலும் மாசியை இடித்துச் சம்பலிலும் குழம்பிலும் சேர்ப்பது அதே காரணத்துக்காகத்தான்: சிறிதளவு போட்டாலும் பானை முழுவதற்கும் சுவை ஏறும். பூசணம் ஏற்றும் கட்டம் மட்டும் நம் பக்கம் இல்லை. மாசியை நாம் வடிகட்டி எறிவதும் இல்லை. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் கரையிலும் ஒரே மீனுக்கு ஏறத்தாழ ஒரே பக்குவம் வாய்த்திருப்பது வியப்புக்குரியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று சிலர் ஊகிப்பதை நான் அவ்வளவு எளிதில் ஏற்கமாட்டேன். வெப்பக் கடலில் அள்ளிக்கொண்டு வரும் மீனைக் கெடாமல் வைக்க வேண்டியவன், யாரிடமும் கேளாமலே நெருப்பையும் புகையையும் வெயிலையும் நாடியிருக்க மாட்டானா?

தாஷியின் மறுபாதி கோம்பு என்னும் அகன்ற கடற்பாசி. அது பெரும்பாலும் வடகோடியிலுள்ள ஹொக்கைடோவின் குளிர்க்கடலில் விளைகிறது. எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) கிதாமாயே என்னும் பாய்க்கப்பல்கள் ஜப்பான் கடல் ஓரமாக அதைத் தெற்கே ஏற்றிவந்து ஒசாகாவில் இறக்கின. கியோத்தோவும் ஒசாகாவும் கோம்புச் சுவையில் ஊறிப்போனதற்கு அந்த வாணிபமே காரணம். 1908-இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் இகேதா கிகுனாயே கோம்புச் சாற்றிலிருந்து குளுட்டமேட் என்னும் சுவைப்பொருளைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913-இல் அவருடைய மாணவர் கொதாமா ஷின்தாரோ கட்சுவோபுஷியிலுள்ள இனோசினேட் என்னும் சுவைப்பொருளைக் கண்டறிந்தார். இவ்விரண்டும் சேரும்போது தனித்தனிச் சுவையின் கூட்டுத்தொகையைவிடப் பன்மடங்கு வலு கிடைக்கிறது என்பது பிற்பாடு நிறுவப்பட்டது. சந்தையில் கோம்புக் கடையும் கட்சுவோபுஷிக் கடையும் அடுத்தடுத்து இருப்பதன் வேதியியல் இதுதான். என் மனைவிக்கோ பயனுள்ள செய்தி ஒன்றுதான்: கோம்பிலும் உலர்ந்த ஷீத்தாக்கே காளானிலும் மட்டுமே வடித்த தாஷி ஒன்று உண்டு, பௌத்த மடங்களின் சமையல் அதை நம்பித்தான் நடக்கிறது.

மடங்கள் நிறைந்த கியோத்தோவில் நிஷிகிச் சந்தை எங்களை நெடுநேரம் பிடித்துவைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். நானூறு மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளமுள்ள ஒற்றைத் தெரு அது. கூட்ட நேரத்தில் தோளோடு தோள் உரசும் அகலம். சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறங்களாலான கூரைக்குக் கீழே ஏறக்குறைய நூற்று முப்பது கடைகள். தெருவுக்கு அடியில் ஓடிய குளிர்ந்த நிலத்தடி நீர்தான் இங்கே மீன் வணிகர்களைக் கூட்டியது. பனிக்கட்டிப் பெட்டிகள் வருமுன் மீனையும் கோழியையும் கிணற்றுக் குளிரில் வைத்துக் காத்தார்கள். 1615-இல் மீன் விற்க, ஷோகுன் என்னும் படைத்தலைவரின் ஆட்சியிடமிருந்து அனுமதி கிடைத்தது.

இந்தத் தெருவின் காய்கறி மொத்த வணிகர் வீட்டில் 1716-இல் பிறந்தவர் இதோ ஜாகுச்சூ. சேவல்களை அவர்போல் வரைந்தவர் இல்லை என்பார்கள். நாற்பது வயதில் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஓவியத்துக்கே தம்மை ஒப்புக்கொடுத்த அவர், 1770-களில் போட்டிச் சந்தை ஒன்றின் முயற்சியால் நிஷிகியின் உரிமம் பறிபோக இருந்தபோது தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அதிகாரிகளிடம் அலைந்து சந்தையைக் காப்பாற்றினார். புத்தரின் பரிநிர்வாணக் காட்சியில் புத்தருக்குப் பதில் ஒரு பெரிய வெள்ளை முள்ளங்கியைக் கிடத்தி, சுற்றிலும் காய்கனிகளைத் துக்கத்தோடு நிறுத்திய அவருடைய ஓவியத்தைக் கியோத்தோ தேசிய அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. அதைக் கேலி என்று கருதுபவர்கள் நிஷிகியின் ஊறுகாய்க் கடைகளில் அரை மணி நேரம் நின்று பார்க்கலாம். முள்ளங்கிக்கும் டர்னிப்புக்கும் அங்கே கிடைக்கும் மரியாதை அப்படிப்பட்டது.

தவிட்டுக்குள் புதைத்த கத்தரிக்காயும் வெள்ளரியும், செந்நிற ஷிசோ இலையும் உப்பும் சேர்ந்து புளித்த ஷிபாசுக்கே கத்தரிக்காயும், குளிர்காலத்தில் தாம்பாளம் அகலத்துக்கு மெல்லியதாகச் சீவிய டர்னிப்பைக் கோம்போடு அடுக்கி ஊறவைத்த செம்மாய்சுக்கேயும் சுவை பார்க்கச் சிறு கிண்ணங்களில் வைக்கப்பட்டிருந்தன. காமிகாமோ கோயில் வட்டாரத்தின் சுகுகி என்ற ஊறுகாய், உப்பைத் தவிர வேறு எதுவும் சேர்க்காமலே நொதித்துப் புளிப்பேறுவது. பழைய சோறு கிடைத்தால் இதோடு ஒரு கை பார்க்கலாம் என்று என் மனைவி சொன்னதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சோயாப்பால் ஆடையான யூபா, கோதுமைப் பசையத்தை வண்ணமூட்டிச் செய்த நாமாஃபு என்று அவளுக்கு உரியவை மேலும் கிடைத்தன. ஒன்றை மட்டும் சைவர்கள் கவனிக்க வேண்டும். 'மீன் வேண்டாம்' என்று சொன்னால் பல கடைகளில் மீன் துண்டை மட்டுமே விலக்குவார்கள். சாற்றில் கரைந்துபோன மீனை மீனாக அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. 'கட்சுவோ தாஷி' என்று பெயர்சொல்லிக் கேட்டால்தான் சரியான விடை வரும்.

எனக்குக் கிடைத்தவை வேறு. காடை முட்டையைத் தலைக்குள் திணித்து, இனிப்பான சோயாச் சாற்றில் வேகவைத்த சின்னஞ்சிறு ஆக்டோபஸ் குச்சியில் வந்தது. கண்ணுக்குத்தான் அது விருந்து. நாவுக்கு இனிப்பு கூடுதல். முட்டைச் சுருளோ இங்கே முற்றிலும் வேறு சாதி. சர்க்கரையைக் குறைத்து, கையில் பிடித்தால் ஒழுகிவிடும் அளவுக்குத் தாஷியைக் கலந்து சுருட்டுகிறார்கள். டோக்கியோவுக்கும் கியோத்தோவுக்கும் இடையிலான பழைய வழக்கை இந்த ஒரு பண்டத்திலேயே தீர்க்க விரும்புகிறவர்களிடம், என் வாக்கு கியோத்தோவுக்கு என்று சொல்லிவிடுகிறேன்.

நடந்துகொண்டே தின்ன வேண்டாம் என்று நிஷிகியில் அறிவிப்புகள் உண்டு. வாங்கிய கடையின் முன்னாலேயே நின்று சாப்பிட்டு, குச்சியையும் தட்டையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டு நகர வேண்டும். நெரிசலான சந்தில் அயலார் உடையில் சாறு சிந்தக்கூடாது என்ற எளிய நியாயம்தான். ஆனால் அதற்கு அப்பாலும் ஒரு வருத்தம் ஒலிப்பதாக எனக்குத் தோன்றியது: வீட்டுச் சமையலுக்கு வாங்க வந்தவர்கள் குறைந்து, குச்சியில் செருகியதைக் கொறிக்க வருகிறவர்கள் பெருகிவிட்ட சந்தை இது. ஒசாகாவின் குரோமோன் சந்தையில் இந்த மாற்றம் இன்னும் கண்கூடு. பேத்தை மீனுக்கும் நல்ல மீன் கடைகளுக்கும் பெயர்பெற்றிருந்த அந்தத் தெருவில் இன்று நண்டுக் காலும் வாக்யூ மாட்டிறைச்சிக் குச்சியும் உள்ளூர்க்காரர் வாங்கத் தயங்கும் விலையில் பயணிகளுக்காகச் சுடப்படுகின்றன. அங்கே நான் அதிக நேரம் செலவிடவில்லை.

ஒசாகாவின் உண்மையான ருசி தாக்கோயாக்கியில் இருக்கிறது. நம் பணியாரக்கல்லைப் போலக் குழிகள் கொண்ட இரும்புத் தட்டில், தாஷி கலந்து மிக நீர்க்கக் கரைத்த கோதுமை மாவை வழிய வழிய ஊற்றி, ஒவ்வொரு குழியிலும் ஆக்டோபஸ் துண்டு ஒன்றைப் போட்டு, கூரிய கம்பியால் திருப்பித் திருப்பி உருண்டையாக்குகிறார்கள். மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே கூழாக இருப்பதுதான் பக்குவம். முதல் உருண்டையில் நாக்கு வெந்துபோகாதவர் இருக்க முடியாது. 1935-இல் ஐசுயா என்ற கடையின் எந்தோ தோமேகிச்சி, அதுவரை மாட்டிறைச்சி வைத்துச் செய்துவந்த ரேடியோயாக்கி என்னும் உருண்டையில் ஆக்டோபஸை வைத்து இதைத் தொடங்கினார் என்று வரலாறு சொல்கிறது. அண்டை ஊரான அக்காஷியில் முட்டை கூடுதலாகச் சேர்த்து, சாஸ் எதுவும் பூசாமல், வெதுவெதுப்பான தாஷியில் முக்கியெடுத்து உண்ணும் பழைய வழக்கமும் அந்தக் கண்டுபிடிப்புக்குத் தூண்டுதலாக இருந்தது. ஐசுயாவின் தாக்கோயாக்கிக்கும் சாஸ் கிடையாது. மாவிலேயே சுவை இருக்கிறது. மயோனைசும் கரிய சாஸும் பூசி, மேலே கட்சுவோபுஷி இழைகள் ஆவியில் நெளிய வரும் தட்டுதான் படங்களில் அழகாக இருக்கும். என்னைக் கேட்டால், முதல் தட்டையாவது எதுவும் பூசாமல் வாங்குங்கள்.

ஜப்பான் கடல் பக்கம் கனாசாவாவின் ஓமிச்சோச் சந்தை 1721-லிருந்து நகரின் அடுக்களையாக இருந்துவருகிறது. நவம்பர் 6-ஆம் தேதி பனிநண்டு பிடிக்கும் பருவம் தொடங்கும். அதற்குப் பிறகு சில வாரங்கள் சந்தை முழுவதும் நண்டாகவே இருக்கும். ஆண் நண்டு விலையுயர்ந்த பரிசுப்பொருள். முட்டை சுமந்த சிறிய பெண் நண்டோ உள்ளூர்க்காரர்களின் விருப்பம்; அதன் பருவம் ஆண்டு முடிவதற்குள் முடிந்துவிடும். அந்தப் பெண் நண்டின் சதையையும் முட்டையையும் ஓட்டுக்குள்ளேயே அடைத்துத் தாஷியில் வேகவைக்கும் ஓதென் இந்நகரின் தனிச்சிறப்பு.

கனாசாவாவுக்கு வடக்கே நோத்தோ முனையிலிருக்கும் வாஜிமாவின் காலைச் சந்தை ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பார்கள். மீனவர் வீட்டுப் பெண்கள் தாங்களே உலர்த்திய மீனையும் தோட்டத்துக் காய்களையும் தரையில் பரப்பி விற்ற தெரு அது. 2024 ஜனவரி 1-ஆம் தேதி 7.6 அளவிலான நிலநடுக்கம் நோத்தோவைக் குலுக்கியபோது மூண்ட தீயில் அந்தத் தெருவும் சுற்றுப்புறமும் எரிந்துபோயின. இருநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. ஆனால் வணிகர்கள் கலைந்துவிடவில்லை. சில மாதங்களிலேயே கனாசாவாவின் கனாய்வா துறைமுகத்திலும் பிற ஊர்களிலும் 'வெளியூர் வாஜிமாச் சந்தை' என்ற பெயரில் கடை விரித்தார்கள். சந்தை என்பது கூரையா, தெருவா, ஆட்களா என்று யாராவது வாதிட்டால் இந்தப் பெண்களைச் சுட்டிக்காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஃபுகுவோகாவின் யாத்தாய்த் தள்ளுவண்டிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அங்கே என் மனைவிக்கு உண்ண ஏறக்குறைய எதுவும் இல்லை. அந்தி சாயும் வேளையில் நகாசு, தென்ஜின் நடைபாதைகளுக்கு வண்டியைத் தள்ளிவந்து பலகைகளை விரித்து, பத்துப் பேர் நெருங்கி உட்காரும் சிற்றுணவகமாக மாற்றிவிடுகிறார்கள். விடிவதற்குள் நடைபாதை வெறுமையாகிவிடும். பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த வெண்சாற்றில் மெல்லிய நூடுல்ஸ் வரும். தீர்ந்தால் சாற்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு நூடுல்ஸ் மட்டும் மறுமுறை கேட்கலாம். ஒருகாலத்தில் தானே தேய்ந்து மறையும் என்று விடப்பட்ட இந்தத் தொழிலுக்கு, 2013-இல் நகராட்சி தனி விதிமுறையே இயற்றி, பிறகு புதியவர்களுக்கும் இடம் ஒதுக்கத் தொடங்கியது. பழைய உணவுத் தொழிலைச் சட்டத்தின் துணையோடு உயிர்ப்பித்த நகரங்கள் அதிகமில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே அளவு மகிழ்ச்சி தந்த சந்தை ஷிகோக்குத் தீவின் கோச்சியில் இருந்தது. நம் கேரளத்துக் கொச்சி அல்ல. பழைய தோசா நாட்டின் தலைநகர். கோட்டை வாசலிலிருந்து கிழக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஞாயிறுதோறும் அங்கே தெருச்சந்தை கூடுகிறது. 1690-லிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. விற்பவர்களில் பலர் மலைப்புறத்து விவசாயிகள். வெட்டுக்கத்தி, பூச்செடி, இஞ்சி, தேயிலை, யூசு எலுமிச்சைச் சாறு நிரப்பிய பெரிய புட்டிகள் என்று வீட்டுக்கு வேண்டியவையே மிகுதி; உள்ளூர் மூதாட்டிகள் தள்ளுவண்டியோடு வந்து பேரம் இல்லாமல் ஆனால் நிறையப் பேசி வாங்குகிறார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சற்றே இனிப்பான தடித்த மாவில் தோய்த்துப் பொரிக்கும் இமோதென் கடையின் வரிசை ஒருபோதும் குறையவில்லை. மதியம் பக்கத்திலுள்ள ஹிரோமேச் சந்தையில் வரிச்சூரையை வைக்கோல் தழலில் வெளிப்புறம் மட்டும் கருக வாட்டி, உப்பும் பூண்டுச் சீவலும் வைத்துத் தருகிறார்கள். இந்தக் கரையில்தான் 17-ஆம் நூற்றாண்டில் புகையூட்டும் கட்சுவோபுஷி முறை செம்மைப்பட்டது என்பதால் இங்கே மீனுக்கும் புகைக்கும் உறவு பழையது.

ஞாயிற்றுச் சந்தையில் இனாகா சூஷி என்று ஒன்று விற்கிறார்கள். மீனுக்குப் பதில் மலையில் கிடைக்கும் மூங்கில் குருத்து, ஷீத்தாக்கே காளான், மியோகா என்னும் இஞ்சி இன மொட்டு, நம் சேனையின் உறவினமான கிழங்கிலிருந்து செய்யும் கொன்யாக்கு ஆகியவற்றை யூசு மணக்கும் சோற்றோடு சேர்த்துப் பிடித்தவை. பார்த்தவுடன் என் மனைவியின் முகம் மலர்ந்தது. ஆயினும் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். விற்பவர் சற்று யோசித்து, கொன்யாக்கும் குருத்தும் காளானும் கட்சுவோ தாஷியில் வெந்தவை என்று ஒதுக்கி வைத்துவிட்டு, காடியில் ஊறிய இளஞ்சிவப்பு மியோகா வைத்தவற்றை மட்டும் பொறுக்கி ஒரு பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார். ஒதுக்கியவை எனக்கு வந்தன; இருவருக்கும் குறையில்லை.

கோச்சிக்கு ஓகயாமாவிலிருந்து விரைவு ரயிலில் உள்நாட்டுக் கடலைப் பாலத்தின்மேல் கடந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். புத்தாண்டின் முதல் இரு நாள்களிலும் ஆகஸ்டில் யொசாகோய்த் திருவிழாவின்போதும் ஞாயிற்றுச் சந்தை கூடுவதில்லை. சனிக்கிழமை இரவே போய்த் தங்கிவிடுவது நல்லது. பத்து மணிக்குமேல் போனால் மியோகா சூஷி கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.